பெற்றோல் எங்கே நின்றது?

பழைய கார் வழியில் நின்றுவிட்டால், பொனற்றைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்துக் கடையில் ஒரு பிளேன்ரீ குடியுங்கள். பகிடியில்லை. அந்த இருபது நிமிடமும் ஒரு சோதனைதான். ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காததுபோல எஞ்சின் ஸ்ராட் ஆனால், கோளாறு சூட்டோடு வந்துபோகிற வகை. ஆறியும் அசையாவிட்டால் அது வேறு வகை. ஒரு ஸ்பனரைக்கூடத் தொடாமல், தேடவேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டீர்கள்.

யாழ்ப்பாணத்தில் இன்னமும் ஓடுகிற ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களை வைத்திருப்பவர்களிடம், ஏன் வழியில் நின்றது என்று கேட்டால் அனேகமாக ஒரே பதில்தான் வரும்: "பம்ப் வேலை செய்யேல்லை." பம்ப் பாவம். தாங்கியின் மூடி அடைத்தாலும், குழாயில் துரு துளை போட்டாலும், எர்த் வயர் பச்சை பிடித்தாலும் பழி அதன் தலையில்தான். அதைக் கழற்றிப் புதிதைப் பூட்டியபிறகும் கார் அதே இடத்தில் நிற்கும்போதுதான் சந்தேகம் வரும்.

ஒரு காலத்தில் எங்கள் மெக்கானிக்மாருக்கு இப்படிச் சந்தேகத்துக்கு மாற்றிப் பார்க்கிற வசதி இருக்கவில்லை. 1990இல் போர் மறுபடி மூண்டபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் கொஞ்சத்தைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது என்பதால் அந்தக் கொஞ்சம் பெற்றோல் கட்டாயம் தேவைப்பட்டது. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவும் மிகக் குறைவு. அமுக்க விகிதம் 7:1 அளவில் இருந்த அந்தக்கால எஞ்சின்கள்தான் அதைத் தாங்கின. புதிய கார்களால் மண்ணெண்ணெயில் ஓடமுடியாமல் போனதற்கும், 1940களிலும் 50களிலும் செய்த கார்கள் குடாநாட்டின் வாடகைக் கார்களாக நிலைத்ததற்கும் இதுவும் ஒரு காரணம்.

அந்த ஆண்டுகளில் பம்பின் டயபிரம் கிழிந்தால் கொழும்பிலிருந்து வருமென்று காத்திருக்க முடியாது. பம்பைத் திறந்தால் பழைய பக்கிங் கிழியும். அதற்கும் மாற்று இல்லை. ஆகவே திறப்பதற்கு முன்னரே எது பழுது என்று நிச்சயமாகத் தெரிந்திருக்கவேண்டும். அந்தக் கண்டிப்புத்தான் நான் இங்கே விளக்கப்போகிற முறை. இன்றைக்கு சாமான் பார்சலில் வந்து இறங்குகிறது என்பதற்காக அதை விட்டுவிடக்கூடாது.

கரண்ட் வருதா, பெற்றோல் வருதா?

எந்தக் கராஜிலும் முதலில் கேட்கிற கேள்வி இது. சோக்கை இழுத்துக் கொஞ்சநேரம் செல்ஃப் அடித்தபின் ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி நனைந்து பெற்றோல் மணத்தால், பெற்றோல் போய்ச் சேர்ந்திருக்கிறது. கொயில், பொயின்ற், கண்டென்சர் பக்கம் போங்கள். நுனி காய்ந்து, மணமும் இல்லாவிட்டால் பெற்றோல் வழியில் எங்கேயோ நின்றிருக்கிறது. பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்று பார்ப்பதானால், பெற்றோல் குழாய் எதையும் கழற்றுவதற்கு முன்னர் பாருங்கள். சிந்திய பெற்றோலுக்குப் பக்கத்தில் பொறி பறக்கவிடுவது காரையும் எரிக்கும், ஆளையும் எரிக்கும்.

இந்தச் சின்ன வேலையைத் தவறவிட்டால் பிறகு எல்லாமே தவறும். சூடேறியதும் சோர்ந்துபோகிற கொயிலும், சூடேறியதும் வற்றிப்போகிற பெற்றோல் குழாயும் ஒரே மாதிரித்தான் நடிக்கும். இரண்டும் பிளேன்ரீ குடித்து முடிய ஸ்ராட் ஆகும். நின்ற அந்த நிமிடத்திலேயே பிளக்கைப் பார்த்தால் மட்டும்தான் இரண்டையும் பிரித்தறியலாம்.

இரண்டு வகைப் பம்ப்

உங்கள் காரில் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். மொறிஸ் மைனரில் இருப்பது எஸ்.யூ. கம்பனியின் மின்சாரப் பம்ப். பொனற்றுக்குள், எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகட்டில் பூட்டியிருக்கும். ஏ40 டெவன், சோமர்செற் போன்றவற்றில் இருப்பது ஏ.சி. கம்பனியின் பொறிப் பம்ப். எஞ்சின் பக்கவாட்டில் பூட்டியிருக்கும், கம் ஷாஃப்ற் அதன் நெம்புகோலைத் தள்ளும். இரண்டிலும் பெற்றோலை இழுப்பது ஒரு டயபிரம்தான். அதை அசைக்கிற கைதான் வேறு.

மின்சாரப் பம்பின் வேலையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம், ஏனென்றால் அது வாய்விட்டுப் பேசுகிற பம்ப். சாவியைத் திருப்பியதும் பம்புக்குள் இருக்கிற கொயிலுக்கு மின் போகிறது. கொயில் டயபிரத்தை இழுக்கிறது. தாங்கியிலிருந்து பெற்றோல் உள்ளே வருகிறது. இழுப்பு முடிகிற இடத்தில் ஒரு துள்ளுப் பொறி பொயின்ற்றைத் திறந்து மின்னை வெட்டுகிறது. உடனே ஒரு ஸ்பிரிங் டயபிரத்தைத் திருப்பித் தள்ள, பெற்றோல் காபரேற்றருக்குப் போகிறது. தள்ளி முடிந்ததும் பொயின்ற் மறுபடி சேரும். அந்த ஒவ்வொரு சுற்றும்தான் உங்களுக்குக் கேட்கிற 'ரிக்'.

இதில் கவனிக்கவேண்டியது, பெற்றோலைக் காபரேற்றருக்குத் தள்ளுவது ஸ்பிரிங். மின்சாரம் இழுக்க மட்டுந்தான். காபரேற்றரின் கிண்ணம் நிறைந்து ஊசி வால்வு மூடினால் ஸ்பிரிங்கால் தள்ளமுடியாது, பம்ப் தானாகவே நின்றுவிடும். ஆகவே சுகமான பம்ப் சாவியைத் திருப்பியதும் விரைவாக அடித்து, மெதுவாகி, நிற்கும். எஞ்சின் ஓடும்போது தேவைக்கு இடையிடையே ஒரு ரிக்.

இந்தத் தாளம் மாறுவதை வைத்துப் பெரும்பாலான கோளாறுகளைச் சொல்லிவிடலாம். கார் பலநாள் ஓடாமல் நின்றிருந்து, சத்தமே இல்லையென்றால், பொயின்ற்றில் படலம் பிடித்திருக்கலாம். பம்பின் உடம்பில் ஸ்பனர் பிடியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் அடிக்கத் தொடங்கும். அது மருந்தல்ல, நோயின் பெயரைச் சொல்கிற சோதனை. வீட்டுக்கு வந்ததும் பற்றறியைக் கழற்றிவிட்டு, மேல்மூடியைத் திறந்து பொயின்ற்றை மெல்லிய எமரித் தாளால் துடைக்கவேண்டும். கருகிக் குழி விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

தட்டியும் அசையாவிட்டால் உடனே பம்பைக் கழற்றவேண்டாம். ஒரு சிறு பல்பில் இரண்டு வயர் பூட்டி, பம்புக்கு வரும் வெள்ளை வயரிலும் பொடியிலும் வைத்துப் பாருங்கள். பல்ப் எரியாவிட்டால் சாவிச் சுவிச்சிலிருந்து பம்புவரை எங்கேயோ தொடர்பு அறுந்திருக்கிறது. எரிந்தால் அடுத்த சந்தேகம் எர்த். பம்பின் உடம்பிலிருந்து பொடிக்குப் போகும் வயரின் முனை கழன்றோ உப்புப் பிடித்தோ இருக்கும். பண்ணைப் பாலத்தால் நாளாந்தம் தீவுப்பகுதிக்குப் போய்வருகிற கார்களுக்கு இது வழமையான வருத்தம். கடற்காற்று படுகிற ஒவ்வொரு முனையையும் சுரண்டி, இறுக்கி, கொஞ்சம் கிரீஸ் பூசிவிடுங்கள்.

ரிக் சத்தம் நிற்காமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால், பம்ப் காற்றை இழுக்கிறது. தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் ஓட்டை. மைனரின் தாங்கி பின்னால் டிக்கிக்குக் கீழே, பம்ப் முன்னால். அவ்வளவு நீளக் குழாயில் ஒரு துருத்துளை போதும். கீறல் விழுந்த குழாயால் இளநீர் உறிஞ்சுவதுபோலத்தான்: வாய் நிறையக் காற்று வரும், ஆனால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. அதனால் கீழே ஈரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. இணைப்புகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்க்கவேண்டும். வெடித்த ரப்பர் ஹோஸை மாற்றவேண்டும்.

எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி வைத்திருக்கும்போது அரை நிமிடத்துக்கொரு தரம் 'ரிக்' என்றால், தள்ளிய பெற்றோல் எங்கேயோ நழுவுகிறது. காபரேற்றரின் ஊசி வால்வில் தூசி இருக்கலாம், பம்பின் உள்வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம். ரிக் மிக மந்தமாக, இழுத்து இழுத்து விழுந்தால் உள்வழியில் அடைப்பு: பம்பின் அடியிலுள்ள வலைப் பில்ற்றரைக் கழற்றிக் கழுவுங்கள். இன்னொன்று, எஞ்சின் ஓடாதபோது சாவியைத் திருப்பியபடி விட்டுவிட்டுப் போகாதீர்கள். பொயின்ற் சேர்ந்த நிலையில் பம்ப் இறுகி நின்றுவிட்டால் கொயில் சூடாகி எரிந்துபோகும்.

ஊமைப் பம்ப்

ஏ.சி. பொறிப் பம்ப் பேசாது. அதைக் கண்ணாலும் மூக்காலும் விசாரிக்கவேண்டும். பலவற்றின் மேல் கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். அதன் அடியில் உருண்டைத் துளிகளாகக் கிடப்பது தண்ணீர். பெற்றோலைவிடப் பாரம் என்பதால் கீழே தங்கும். செந்நிறத் தூள் தாங்கியின் துரு. குமிழிகள் ஓடினால் காற்று நுழைகிறது. அனேகமாகக் கிண்ணத்தின் விளிம்பிலுள்ள கோர்க் பக்கிங் காய்ந்து சுருங்கியிருக்கும்.

பம்பின் கீழேயுள்ள கைநெம்பை அசைத்தால் பெற்றோல் ஏறவேண்டும். நெம்பு தளர்வாக, பிடிமானமே இல்லாமல் ஆடினால் பம்ப் செத்துவிட்டது என்று நினைப்பார்கள். அவசரப்படாதீர்கள். கம் ஷாஃப்ற் உச்சியில் நின்றால் டயபிரம் ஏற்கெனவே இழுபட்டிருக்கும், கைநெம்புக்கு வேலை இருக்காது. எஞ்சினை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அசைத்துப் பாருங்கள்.

இந்த வகையில் அபாயமான கோளாறு ஒன்றுண்டு: டயபிரம் கிழிந்தால் பெற்றோல் எஞ்சினுக்குள் இறங்கி ஒயிலோடு கலக்கும். டிப் ஸ்ரிக்கை இழுத்துப் பாருங்கள். ஒயில் மட்டம் கூடியிருந்து, தண்ணியாகி, பெற்றோல் மணத்தால் அந்தக் காரை ஸ்ராட் பண்ணவே கூடாது. மெலிந்த ஒயில் பெயரிங்கைத் தின்னும். சம்ப்பில் சேர்ந்த ஆவி தீப்பிடிக்கும். டயபிரத்தை மாற்றி, ஒயிலையும் முழுதாக வடித்து மாற்றிய பிறகுதான் சாவி. ரயர் ரியூப் ரப்பரில் டயபிரம் வெட்டிப் போடலாமென்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். அந்த ரப்பர் பெற்றோலில் ஊதிப் பிசைந்த மாவாகிவிடும்.

பம்பை நிரபராதி ஆக்கும் சோதனை

இப்போது முக்கியமான சோதனை. எஞ்சின் ஆறியிருக்கவேண்டும், பக்கத்தில் பீடியோ அடுப்போ இருக்கக்கூடாது, ஒரு வாளி மணல் கிட்ட இருக்கவேண்டும். கொயிலிலிருந்து வரும் தடித்த வயரைக் கழற்றி அதன் முனையைப் பொடியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். காபரேற்றருக்குள் போகும் குழாயைக் கழற்றி, ஹோஸ் ஒன்றை மாட்டி, ஒரு போத்தலுக்குள் விடுங்கள். மின்சாரப் பம்பென்றால் சாவியைத் திருப்புங்கள். பொறிப் பம்பென்றால் ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள்.

மைனரின் எஸ்.யூ. பம்ப் மணிக்கு எட்டு கலன் தரக்கூடியது. அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 600 மில்லிலீற்றர். பொறிப் பம்ப், எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்ற ஒரு தரம் பலமாகப் பீச்சவேண்டும். அப்படி வந்தால் பம்பில் குற்றமில்லை. காபரேற்றரின் கிண்ணத்தைத் திறந்து ஊசி வால்வு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

வராவிட்டாலும் பம்பைக் குற்றவாளி என்று சொல்ல இன்னும் நேரமாகவில்லை. பம்புக்குள் வருகிற குழாயையும் கழற்றி, அந்த வாயில் ஒரு சிறு ஹோஸ் மாட்டி, மறுமுனையைச் சுத்தமான பெற்றோல் உள்ள கானில் விட்டு மறுபடி ஓட்டுங்கள். இப்போது பீறிட்டு வந்தால் பம்ப் நன்றாக இருக்கிறது. குற்றம் தாங்கியிலும் பின்குழாயிலும். இப்போதும் வராவிட்டால்தான் பம்பைக் கழற்ற நியாயமுண்டு. ஹோஸை வாயால் உறிஞ்சி எடுக்கிற பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு, அதை விட்டுவிடுங்கள். ஒரு வாய் மண்ணெண்ணெயோ பெற்றோலோ புரையேறி நுரையீரலுக்குப் போனால் ஆளை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடும்.

தாங்கி, மூடி, வெயில்

தாங்கியின் மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துளை உண்டு. பெற்றோல் வெளியேற வெளியேறக் காற்று உள்ளே வரவேண்டும். துளை அடைத்திருந்தாலோ, வேறு காரின் துளையில்லா மூடியைப் போட்டிருந்தாலோ, கார் கொஞ்சத் தூரம் சுகமாக ஓடி, பிறகு இழுத்து நின்றுவிடும். நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளிழுத்து, உடனே கார் ஓடத் தொடங்கினால் வைத்தியம் ஒரு குண்டூசிதான்.

தாங்கிக்குள் இருப்பது பல வருடக் கணக்கு. அரைகுறையாக நிரப்பி நிறுத்திவைத்த தாங்கியின் மேற்பாதி, மாரிக் காற்றின் ஈரத்தில் துருப்பிடிக்கும். நாட்பட்ட பெற்றோல் வார்னிஷ் மாதிரி மணந்து, பிசினாகி வால்வுகளை ஒட்டும். 2022இல் பெற்றோல் செட் வரிசைகளில் நின்றதும், யூலையில் கியூஆர் அட்டை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்ததும் நினைவிருக்கும். கான்களிலும் பீப்பாக்களிலும் சேர்த்து வைத்ததை வடிக்காமல் ஊற்றினோம். தாங்கியை அடிமட்டம்வரை வற்றவிட்டு ஓடினோம். அடியில் அறுபது வருடமாகப் படுத்திருந்த துரு அப்போதுதான் பல கார்களில் எழுந்து பம்புக்குப் புறப்பட்டது. தாங்கியை இறக்கிக் கழுவி, பம்புக்கு முன்னால் பில்ற்றர் ஒன்று போடாமல் பம்பைத் திருத்துவதில் பயனில்லை.

பிறகு வெயில். பெற்றோலின் இலேசான பகுதிகள் 35 பாகை செல்சியசுக்குக் கிட்டவே கொதிக்கத் தொடங்கும். எங்கள் சித்திரை வைகாசி வெயிலில், ஓடிக் களைத்த எஞ்சினின் பக்கத்தில், குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகிவிடும். பம்ப் திரவத்தைத் தள்ளத் தெரிந்தது. ஆவியை அமுக்கி அமுக்கி விடுமே தவிர முன்னே தள்ளாது. எஞ்சினோடு ஒட்டியிருக்கிற பொறிப் பம்புக்கு இது இன்னும் அதிகம். ஈரத் துணியைப் பம்பின் மேல் சுற்றினால் மீண்டுவிடும். சூடான எஞ்சின் மேலேயோ புகைக்குழாயிலோ தண்ணீரை ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு வெடிக்கும். அடிக்கடி இப்படி ஆனால் குழாய் புகைக்குழாயோடு ஒட்டி ஓடுகிறதா என்று பார்த்து விலக்கிக் கட்டுங்கள்.

குடாநாட்டுக்காரருக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. எங்கள் நிலம் தட்டை, மேடு ஏற்றமில்லை. நல்லூருக்கும் சுன்னாகத்துக்கும் மெதுவாகப் போய்வருகிற காரில் சோர்ந்த பம்பும் சமாளித்துவிடும். ஏ9இல் ஆனையிறவைக் கடந்து, கிளிநொச்சிக்கு அப்பால் வேகம் பிடிக்கும்போதுதான் காபரேற்றர் கேட்கிற பெற்றோலைப் பம்பால் கொடுக்கமுடியாமல் எஞ்சின் விக்கும். வவுனியா, கொழும்பு என்று நீண்ட பயணம் போகுமுன் போத்தல் சோதனையை ஒருதரம் செய்துவிட்டுப் புறப்படுங்கள்.

மாற்றத்தான் வேண்டுமென்றால்

புது மின்சாரப் பம்ப் வாங்குகிறவர்கள் இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். ஒன்று அழுத்தம். இந்தக் காபரேற்றர்களுக்குச் சதுர அங்குலத்துக்கு ஒன்றரையிலிருந்து இரண்டரை இறாத்தல் அளவே போதும். புதிய கார்களின் பம்ப் அதைவிடப் பலமடங்கு தள்ளும். ஊசி வால்வைத் திறந்துகொண்டு பெற்றோல் சூடான எஞ்சின் மேல் வழியும். மற்றது எர்த். இந்தக் கார்கள் பற்றறியின் பொசிற்றிவ் முனையைப் பொடியில் கொடுத்துச் செய்தவை. பழைய பொயின்ற் பம்புக்கு எந்தப் பக்கமென்றாலும் பரவாயில்லை. இலத்திரனியல் பம்ப் திசை மாறிப் பூட்டினால் அந்த நொடியே போய்விடும். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களின் விலையும் ஏறியது, அவற்றைத் திருத்தத் தெரிந்த கைகளின் அருமையும் கூடியது. ஆனால் கூலி கொடுக்கும்போது நாங்கள் இன்னமும் மாற்றிய சாமானைத்தான் எண்ணுகிறோம். ஒரு மணித்தியாலம் காதைக் கொடுத்துக் கேட்டு, பல்ப் பிடித்துப் பார்த்து, ஒரு எர்த் முனையைச் சுரண்டி விட்டு, "பம்ப் நல்லாயிருக்கு அண்ணை, மாத்தத் தேவையில்லை" என்று சொல்கிற மெக்கானிக்குக்கு நூறு இருநூறை நீட்டுகிறோம். அதே ஆள் புதுப் பம்பைப் பூட்டியிருந்தால் ஆயிரக்கணக்கில் கேள்வியில்லாமல் கொடுத்திருப்போம். சாமானுக்கு மட்டும் காசு கொடுத்தால் சாமான் விற்கத்தான் அவர் பழகுவார். அடுத்தமுறை பம்பைக் கழற்றாமல் காரை ஓடவைத்தவருக்கு, கழற்றியிருந்தால் கொடுக்கிற கூலியையே கொடுங்கள்.